மணிகள் வாய் திறக்கும் இரவு

பெரிய வியாழன் இரவு ‘உன்னதங்களிலே’ கீதத்தோடு ஊமையாகிப்போன மணிகள் அவை. இரண்டு நாளாகக் கோயிலில் மரக்கட்டை தட்டும் சத்தம் மட்டும்தான். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இரவு சேலம் நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போகிறவர்கள் உண்மையில் அந்த மணிகளுக்காகத்தான் போகிறார்கள் என்பேன். நானும் அப்படித்தான்.

விளக்குகளை அணைக்கிறார்கள். பகலெல்லாம் வெயில் குடித்த தரையிலிருந்து இன்னும் அனல் எழுகிறது. வாசலில் புதுத்தீ. பாஸ்கா திரியில் சாமியார் சிலுவை கீறி, ஆண்டின் நான்கு எண்களைப் பொறித்து, ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிக்கிறார். ஒற்றைச் சுடர் இருட்டுக்குள் நுழைகிறது. மூன்று இடத்தில் நின்று நின்று முன்னேறுகிறது. அதிலிருந்து ஒரு திரி, அந்தத் திரியிலிருந்து பக்கத்துத் திரி. யாரென்றே தெரியாதவர் என் பக்கம் திரும்பி நெருப்பைக் கொடுக்கிறார். நான் இன்னொருவருக்குக் கொடுக்கிறேன். எங்கள் விசுவாசத்தின் கதையும் நினைவுக்கு வருகிறது. 1623-இல் மதுரையிலிருந்து, தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட மறைபணியாளர் ராபர்ட் தெ நோபிலி சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். 1930-இல் சேலம் தனி மறைமாவட்டமானது. இத்தனை காலமும் இந்த விசுவாசம் இப்படிக் கைமாறித்தானே எங்களிடம் வந்திருக்கிறது!

எங்கள் பாட்டிமார் இளம் வயதில் இந்த இருட்டைப் பார்க்கவில்லை. அன்றெல்லாம் இந்தப் பாஸ்கா திருவிழிப்பைச் சனிக்கிழமை காலையிலேயே, லத்தீனில், பட்டப்பகலில் முடித்துவிடுவார்கள். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர்தான் 1951-இல் சோதனையாகவும், 1956 முதல் எங்கும் முறையாகவும் அதை இரவுக்குத் திருப்பித் தந்தார். சூரியனைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு இருள் விலகியதென்று பாடியவர்களின் பக்தி பெரிது. ஆனாலும் இருட்டில் நின்றவனுக்கல்லவா விளக்கின் அருமை தெரியும்?

வாசகங்கள் நீளமானவை. படைப்பு, ஆபிரகாம், செங்கடல். பிள்ளைகள் மடியில் தூங்கிவிடுகிறார்கள். லாரியிலிருந்து இறங்கி நேரே வந்தவர் கண்ணைத் தேய்த்துக்கொள்கிறார். சட்டென்று ‘உன்னதங்களிலே’ எழுகிறது. எல்லா மணிகளும் ஒரே நேரத்தில்! கோபுர மணி, பீடச்சிறுவர்கள் கைமணி, ஆர்மோனியம், குழந்தைகளின் அழுகை, எல்லா விளக்கும், எல்லாமே ஒரே நொடியில். ஆண்டவரே, என் உடம்பு நடுங்கியது. அழுதேனா சிரித்தேனா தெரியாது. கல் புரண்டது, கல் புரண்டது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சாவே, உன்னிடம் எனக்கு இனி என்ன பேச்சு!

பிறகு தண்ணீர். எரியும் பாஸ்கா திரியைச் சாமியார் தொட்டி நீரில் தாழ்த்துகிறார். கோடையில் குடத்தோடு காத்து நின்று பழகிய ஊர் எங்களுடையது. தீர்த்தம் தெளித்தபோது முகத்தைத் துடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஞானஸ்நான வாக்குறுதிக்கு ‘விசுவசிக்கிறேன்’ என்று உரக்கச் சொன்னேன். அருகிலிருந்த மூதாட்டி என்னைவிட உரக்கச் சொன்னார்.

உயிர்ப்பு நாள் காலையில் கல்லறையருகே அழுதுகொண்டிருந்த மகதலா மரியா உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். நாமக்கல் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் குறையே தெரியவில்லை. விடியுமுன் மடை திருப்ப வந்து நிற்கும் விவசாயி போல, மண்ணில் கால் பதிய, வாடினதைத் தேடி என் ஆண்டவர் நிற்கிறார். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவ்வளவுதான், அழுகை போன இடம் தெரியவில்லை. என் பெயரும் உமக்குத் தெரியுமே சுவாமி! கூப்பிடும், ஓடி வருகிறேன்!

பூசை முடிந்து வளாகத்தில் ஒரே இரைச்சல். கைகொடுப்பதும் கட்டிக்கொள்வதும். முட்டைக்குப் பேர்போன சீமையில் எங்கள் வீட்டு ஈஸ்டருக்கு முட்டை ஓர் ஓரம்தான். நாற்பது நாள் நோன்புக்குப் பின் ஆட்டுக்கறிக் குழம்புக்கே முதல் மரியாதை. “ஏனுங்க, வீட்டுக்குப் போயித் தூங்கலீங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

“இன்னைக்கு எப்படீங்க தூக்கம் வரும்?” என்றேன்.

“அதானுங்களே!” என்று சிரித்தவர், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அல்லேலூயா பாடியபடியே வண்டியை எடுக்கப் போனார்.