பல வாசல்கள், ஓர் உள்ளம்

  



போன மாதம் ஒரு நாள் இஷா முடிந்து வீட்டுக்குப் போன பிறகு எனக்கு ஒரு போன் வந்தது. வெளியூர்ச் சகோதரி ஒருவர். ஸலாம் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஹஜ்ரத், உங்க ரீல்ஸைக் காட்டித்தான் வாப்பா வீட்டைத் தம்பி பேருக்கு எழுதப் போறாங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த ரீல்ஸ் என்று கேட்டேன். அனுப்பினார். பேசுவது நான்தான். இதே மிம்பருக்குப் பக்கத்தில் நின்று பேசியதுதான். அவர் அனுமதி கொடுத்ததால், ஊரைச் சொல்லாமல், இந்த விஷயத்தை இங்கே சொல்கிறேன்.

விஷயம் இதுதான். ஹிபா பற்றி ஒரு ஜும்ஆவில் பேசினேன். தகப்பன் உயிரோடு, சுயபுத்தியோடு இருக்கும்போது தன் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் அன்பளிப்பாகக் கொடுக்கலாம், அது செல்லும் என்று சொன்னேன். அடுத்து நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸைச் சொன்னேன். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அவருடைய தகப்பனார் அவருக்கு மட்டும் ஒரு அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சி நிற்க மறுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடக்கச் சொன்னார்கள். தகப்பனாரும் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பயான் நாற்பது நிமிடம். ரீல்ஸ் ஐம்பது விநாடி. முதல் பாதி அதில் இருக்கிறது, ஹதீஸ் இல்லை. வெட்டிய தம்பி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்" என்ற இடம் கேட்க நன்றாக இருந்தது, அங்கே நிறுத்திவிட்டார். போடுவதற்கு முன் எனக்கு அனுப்பவும் செய்தார். நான்தான் பார்க்காமல் "போடுங்க" என்று சொன்னேன். அன்றைக்கு அந்த ஒரு பயானை ஆறு இடங்களில் போட வேண்டியிருந்தது.

உங்களில் பலருக்குத் தெரியும், நான் பதினைந்து வருடமாக ஒரு வலைப்பதிவு எழுதுகிறேன். முதலில் அது ஒன்றுதான். பிறகு ஃபேஸ்புக் பக்கம் வந்தது, யூடியூப் வந்தது. இளைஞர்கள் இன்ஸ்டாகிராம் வேண்டும் என்றார்கள். பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். துபாயில் இருக்கும் நம் ஜமாஅத்துக்காரர்களுக்காக டெலிகிராமில் ஒரு சேனல். இப்படி ஆறு வாசல். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சமையல் குறிப்பு எழுதுபவர் இருக்கிறார், ஊர் வரலாறு எழுதுபவர் இருக்கிறார், கவிதை எழுதுபவர் இருக்கிறார். உங்கள் கதையும் ஏறக்குறைய இதுதான்.

இத்தனை எதற்கு, ஒன்று போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளவில்லை. ஆனால் பதிலும் இருக்கிறது. 2020 ஜூன் மாதம் நம் நாட்டில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் சேர்த்த அத்தனை பேரையும் ஒரே நாளில் இழந்தார்கள். அதற்கு முன் 2014-ல் ஆர்குட் போனது, 2019-ல் கூகுள் பிளஸ் போனது. அந்த வீடெல்லாம் நம்முடையது அல்ல, வாடகைக்குக்கூட இல்லை, சும்மா இருக்கவிட்டார்கள். ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருப்பது எச்சரிக்கைதான். தவிர, மக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போய்த்தானே பேச வேண்டும்?

கேள்வி எண்ணிக்கையில் இல்லை. ஆறு இடத்தில் எழுதுகிற மனிதன் ஒருவனா, ஆறு பேரா? இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4-வது வசனத்தில், எந்த மனிதனுடைய நெஞ்சுக்குள்ளும் இரண்டு உள்ளங்களை வைக்கவில்லை என்று அல்லாஹ் சொல்கிறான். அந்த வசனம் தொடர்ந்து பேசுவது ளிஹாரையும் வளர்ப்புப் பிள்ளையையும் பற்றி. மனைவியைத் தாய் என்று வாயால் சொன்னால் தாயாகிவிட மாட்டாள் என்பது அங்கே உள்ள சட்டம். ஆனால் அந்தச் சட்டத்துக்கு முன்னால் இந்த வார்த்தையை வைத்ததில் நமக்கு ஒரு படிப்பினை இருக்கிறது. வாய் எத்தனை விதமாகவும் பேசலாம். உள்ளே இருப்பது ஒன்றுதான்.

அப்படியானால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் பேச வேண்டுமா? இல்லை. நபி (ஸல்) அவர்களிடம் சிறந்த அமல் எது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு நேரத்தில் தொழும் தொழுகை என்று வந்தது. இன்னொருவருக்கு வேறு பதில் வந்தது. கேட்டவரின் நிலையைப் பார்த்துச் சொன்னார்கள் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். மக்களுக்குப் புரிகிற அளவில் பேசுங்கள் என்ற கருத்தில் அலீ (ரலி) அவர்கள் சொன்னதும் புகாரியில் இருக்கிறது. ஆகவே வலைப்பதிவில் இரண்டாயிரம் வார்த்தை எழுதியதை இன்ஸ்டாகிராமில் நாலு படமாகச் சுருக்குவதில் தவறில்லை. வாட்ஸ்அப்பில் பெரியவர்களுக்கு ஆடியோவாக அனுப்புவதிலும் தவறில்லை.

ஆனால் ஹதீஸில் இரண்டு முகம் உள்ளவனைப் பற்றியும் வந்திருக்கிறது. இவர்களிடம் ஒரு முகத்தோடும் அவர்களிடம் இன்னொரு முகத்தோடும் போகிறவனை மனிதர்களில் மிகக் கெட்டவர்களில் ஒருவனாக நபியவர்கள் எண்ணினார்கள். இங்கே எல்லை எங்கே இருக்கிறது? நான் எனக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஃபேஸ்புக்கில் இருக்கும் என் வாசகர் இன்று இரவு என் இன்ஸ்டாகிராமைப் பார்த்தால், "ஹஜ்ரத் சுருக்கமாகப் போட்டிருக்கிறார்" என்பாரா, "இது வேறு ஆள்" என்பாரா? கைக்கூலி ஹராம் என்று ஃபேஸ்புக்கில் பொரிந்து தள்ளுகிற ஒருவரை எனக்குத் தெரியும். இன்ஸ்டாகிராமில் அவர் நகைக்கடைக்கு விளம்பரம் செய்கிறார், "மாப்பிள்ளை வீட்டார் மனம் குளிர" என்று. கேட்டால், அங்கே இருக்கும் கூட்டம் வேறு ஹஜ்ரத் என்கிறார். கூட்டம் வேறுதான், பேசுகிறவர்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது பதிவுகளை முன்கூட்டியே எழுதி நேரம் குறித்து வைக்க வசதி இருக்கிறது. ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் ஒரே இடத்திலிருந்து குறித்துவிடலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல வசதி, நானும் பயன்படுத்துகிறேன். ஒரு தம்பி, "தஹஜ்ஜுத் முடித்த இந்த அமைதியில் எழுதுகிறேன்" என்று காலை நாலரைக்குக் குறித்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். அன்றைக்கு ஃபஜ்ருக்கே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் போனைக் காட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தன்னிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டுபவன் பொய்யான இரண்டு ஆடைகளை அணிந்தவனைப் போன்றவன் என்ற கருத்தில் வரும் ஹதீஸ் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நேரம் குறிக்கலாம், நிலையைக் குறிக்கக் கூடாது.

கண்ணியமானவர்களே! இதையெல்லாம் விடக் கடினமானது எண்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள். ஒரு இடத்தில் எண் குறைந்தால் இன்னொரு இடத்தில் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. ஆறு வாசல் வைத்திருப்பவனுக்கு ஆறு தராசு. லுஹருக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை என்று நானே பார்த்திருக்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பக்தாத் நிளாமிய்யா மதரஸாவில் பேராசிரியராக இருந்தார்கள். ஹிஜ்ரி 484, அதாவது கிபி 1091-ல் அங்கே அமர்ந்தார்கள். 300 மாணவர்களுக்குப் பாடம் நடத்தியதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய மேடை கிடையாது. நாலு வருடம் கழித்துத் தன் நிய்யத்தை எடுத்துப் பார்த்தார்கள். பாடம் சொல்வது அல்லாஹ்வுக்காக மட்டும் இல்லை, புகழும் பதவியும்தான் தூண்டுகிறது என்று கண்டார்கள். போகலாமா இருக்கலாமா என்று ஏறக்குறைய ஆறு மாதம் தவித்தார்கள். கடைசியில் நாவே எழவில்லை. மாணவர்கள் மனம் நோகக் கூடாது என்று ஒரு நாளாவது பாடம் நடத்தப் பார்த்தார்கள், ஒரு வார்த்தை வரவில்லை. 1095-ல் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். இதையெல்லாம் அல்முன்கித் என்ற நூலில் வெளிப்படையாகச் சொல்கிறார்கள்.

பயானில் இந்த இடத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், அதனால் எல்லாரும் போனைத் தூக்கி எறிய வேண்டும் போலத் தோன்றும். கஸ்ஸாலி இமாம் பல வருடம் கழித்து நைசாபூரில் மறுபடியும் பாடம் நடத்தினார்கள். முன்பு புகழைச் சம்பாதிக்கும் அறிவுக்கு அழைத்தேன், இப்போது புகழை விடச் செய்யும் அறிவுக்கு அழைக்கிறேன் என்ற கருத்தில் எழுதினார்கள். மேடை அதேதான். நிய்யத்தைச் சரிசெய்ய அவ்வளவு காலம் பிடித்தது. நமக்கு ஒரு வாரம் கணக்கை மூடி வைக்கவே கை நடுங்குகிறது.

சரி, அந்தச் சகோதரி விஷயத்துக்கு வருகிறேன். மறுநாளே வலைப்பதிவில் விரிவாக ஒரு விளக்கம் எழுதினேன். ஹதீஸ், சட்டம், எல்லாம் ஒழுங்காக. மனம் லேசாகிவிட்டது. என் வீட்டில்தான் கேட்டார்கள்: "ரீல்ஸ் பார்த்தவங்க உங்க வலைப்பதிவுக்கு எப்ப வந்தாங்க?"

உண்மைதான். தவறு போன பாதையில் திருத்தம் போகவில்லை. அல்பகரா 160-வது வசனத்தில், உண்மையை மறைத்தவர்களில் மன்னிப்புக்குரியவர்களைச் சொல்லும்போது மூன்று விஷயங்களை அல்லாஹ் சேர்த்துச் சொல்கிறான். தவ்பா செய்வது, சீர்திருத்துவது, தெளிவுபடுத்துவது. அந்த மூன்றாவதை நான் எனக்கு வசதியான இடத்தில் செய்துவிட்டு முடிந்தது என்று இருந்தேன். ரீல்ஸை அழித்துவிடலாமா என்றும் யோசித்தேன். அழித்தால் என் பக்கம் சுத்தமாகும். பார்த்தவர் மனதில் இருப்பது அழியாது. அந்த வாப்பா போனில் சேமித்து வைத்திருப்பதும் அழியாது.

ஆகவே ஆறு இடங்களிலும் போட்டேன். இன்ஸ்டாகிராமில் அதே அளவு, ஐம்பது விநாடி, அதே சட்டையோடு நின்று, "முன்பு போட்டது பாதி, மீதி இது, பார்க்காமல் அனுமதித்தது என் தவறு" என்று சொன்னேன். பழையதன் கீழேயும் எழுதினேன். முதலாவதைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்கு கூட இரண்டாவதைப் பார்க்கவில்லை. திருத்தத்தை யாரும் ஆர்வமாகப் பகிர்வதில்லை போலும். இத்தோடு என் பொறுப்பு தீர்ந்ததா என்று என் உஸ்தாதிடம் கேட்டேன். "பார்த்தவங்க எல்லாரையும் உன்னால தேட முடியாது. தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரே?" என்றார்கள்.

இதற்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். எந்தப் பேச்சு எந்தெந்த இடத்துக்குப் போனது என்று தேதியோடு எழுதுகிறேன். நாளை திருத்த வேண்டி வந்தால் எங்கெல்லாம் போக வேண்டும் என்று தெரிய வேண்டுமே. முழுப் பேச்சு வலைப்பதிவில் இருக்கும், மற்ற இடங்களில் போடும் துண்டு அதற்கு வழி காட்டும். துண்டை நானே முழுதாகப் பார்க்காமல் போடுவதில்லை. டெலிகிராமையும் ஃபேஸ்புக்கையும் மூடப் போகிறேன். அங்கே மஸ்அலா கேட்டு எழுதியவர்களுக்கு மூன்று மாதமாகப் பதில் போடாமல் இருந்திருக்கிறேன். கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில் கடை திறந்து வைப்பது என்ன நியாயம்? துபாய்க்காரர்கள் கோபப்பட வேண்டாம், உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும்.

பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போகிறேன். அந்த வாப்பா என்னைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். ஆனால், "நீங்க சொன்னதைத்தானே ஹஜ்ரத் நான் செய்யறேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். நுஃமான் (ரலி) அவர்களின் ஹதீஸை அவர் முன்னால் உட்கார்ந்து முழுதாகச் சொல்ல வேண்டும். அவர் மனதில் அல்லாஹ் இரக்கத்தைப் போடவும், அந்தச் சகோதரியும் தம்பியும் பிரியாமல் இருக்கவும் துஆ செய்யுங்கள். எனக்காகவும் செய்யுங்கள்.

சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.