பொது நோன்பும் தனி அர்ப்பணமும்

நோன்பு நோற்கும் நாளைச் சமூகம் குறிக்கின்றது. நோற்கும் உள்ளத்தையோ அவரவரே கொடுக்கவேண்டியுள்ளது. ஆயிரம் பேர் ஒரே நாளில் உணவைத் துறக்கும்போது, அவர்களுள் ஒருவன் தன்னை இறைவனுக்கு அர்ப்பணிக்கின்றானா, அன்றிக் கூட்டத்தோடு கூட்டமாகப் பசித்திருக்கின்றானா என்பதை எவ்வாறு அறிவது? கிறித்தவரின் தவக்கால நோன்பை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து எழுந்ததன்று. கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, மூதூருக்கு அண்மையில் அமைந்த தோப்பூர் எனது ஊர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அவ்வூரில் றமழான் பிறந்துவிட்டால் ஊரே நோன்பு நோற்கும். அங்கு நோன்பை நோற்பதிலும் விடுவதே கடினம். பல்கலைக்கழக விடுதிக்கு வந்த பின்னர், எவரும் கவனியாத ஒரு பிற்பகலில், தக்க காரணம் எதுவுமின்றி நான் நோன்பை முறித்தேன். ஊரில் இருந்திருப்பின் அதனைச் செய்திருக்கமாட்டேன். அவ்வாறாயின் அதுவரை நான் நோற்றது யாருக்காக?

2025 மார்ச் 5 ஆந் திகதி விபூதிப் புதன். அவ்வாண்டு தவக்காலத்தின் தொடக்கமும் றமழானின் முதல் வாரமும் ஒன்றாக வந்தன. அன்று மாலை நெற்றியில் சாம்பற் குறியுடன் தேவாலயத்திலிருந்து திரும்பிய கத்தோலிக்க நண்பர் ஒருவரிடம் இதே வினாவை விடுத்தேன். நாளைத் தந்தது திருச்சபை என்றும், அந்நாளில் தாம் எதனைக் கொடுத்தார் என்பது தவக்காலத்தின் முடிவிலேதான் தமக்கே புலப்படும் என்றும் அவர் விடையிறுத்தார். அவ்விடை என்னைச் சிந்திக்கவைத்தது.

விபூதிப் புதன் திருப்பலி இம்முரண்பாட்டை மறைப்பதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அன்று வாசிக்கப்படும் யோவேல் இறைவாக்கினரின் பகுதி, எக்காளம் ஊதி, முதியோர் முதல் பால்குடிக் குழந்தைகள் வரை அனைவரையும் கூட்டி நோன்பை அறிவிக்கச் சொல்கின்றது. அடுத்து வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்திப் பகுதியிலோ, நோன்பிருப்போர் முகவாட்டங் காட்டாது, தலைக்கு எண்ணெய் பூசி, முகங்கழுவி, மறைவிலுள்ள தந்தைக்கு மட்டுமே தெரியுமாறு நோற்கவேண்டுமென இயேசு போதிக்கின்றார். இரண்டையும் கேட்ட மக்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் சாம்பலைப் பெற்று வீடு திரும்புகின்றனர். ஒன்று சபையைக் கூட்டுகின்றது. மற்றது கதவை அடைக்கச் சொல்கின்றது.

யோனாவின் நூலில் வரும் நினிவே நகரக் கதையும் இங்கு நோக்கத்தக்கது. அந்நகர மன்னன் மக்களோடு ஆடுமாடுகளும் உண்ணாதிருக்கவேண்டுமெனக் கட்டளையிட்டான். ஆடுமாடுகளும் பசித்திருந்தன, ஆயினும் அவை தம்மை அர்ப்பணித்தன எனல் பொருந்தாது. பசி வேறு, அர்ப்பணம் வேறு என்பது இதனாற் பெறப்படும். கட்டளைக்கு அஞ்சியும் பிறர் கண்ணுக்கு அஞ்சியும் பசித்திருக்கும் மனிதன் தொழுவத்து மாட்டினின்றும் அதிகம் வேறுபட்டவனல்லன்.

ஜேர்மன் மெய்யியலாளர் கான்ற், 1785 இல் வெளியான தமது ஒழுக்கவியல் நூலில், கடமைக்கு இணங்கச் செய்தலையும் கடமையின் பொருட்டுச் செய்தலையும் வேறுபடுத்தினார். அவ்வளவுகோலால் அளந்தால் என் ஊர் நோன்புகளிற் பல தேறா. ஆனால், நீதியான செயல்களைச் செய்து பழகுவதாலேயே மனிதன் நீதிமானாகின்றான் என்பது அரிஸ்ரோட்டிலின் கருத்து. தூய நோக்கம் கைகூடும்வரை நோன்பை ஒத்திவைப்பவன் ஒருபோதும் நோற்கமாட்டான். சமூகம் தரும் நாள், உள்ளம் முதிரும்வரை உடலைப் பயிற்றும் பள்ளிக்கூடம் எனலாம்.

இவ்விரு நிலைகளையும் கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு ஒருசேரக் கருதுகின்றது. தவஞ்செய்தல் ஒவ்வொருவரும் அவரவர் வழியில் நிறைவேற்றவேண்டிய கடமை என்றும், அனைவரும் ஒரு பொது அநுட்டானத்தில் இணையும் பொருட்டே நாட்கள் விதிக்கப்படுகின்றன என்றும் அது கூறும். ஒருசந்தியும் சுத்தபோசனமும் ஒருங்கே கட்டாயமான நாட்கள் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியுமாகிய இரண்டே. விதி சிறிது, எஞ்சிய பெரும்பகுதி மனிதனின் விருப்பிற்கு விடப்பட்டுள்ளது. மெதடிஸ்த மரபிலும் இதனையொத்த ஒன்றுண்டு. 1755 இல் ஜோன் வெஸ்லி இலண்டனில் நடாத்திய உடன்படிக்கை ஆராதனையில் ஏறத்தாழ 1,800 பேர் எழுந்துநின்று தம்மை இறைவனுக்கு ஒப்புக்கொடுத்தனர். இன்று மெதடிஸ்த சபைகள் ஆண்டுதோறும் நடாத்தும் அவ்வாராதனையின் உடன்படிக்கை வாசகம் 'நாம்' என்னாது 'நான்' என்றே அமைந்துள்ளது. கூட்டமாக நின்று தனித்தனியே சொல்லும் சொல் அது.

எனினும் 'நான்' என்ற சொல்லோடு நோன்பு முற்றுப்பெறுவதன்று. 2006 ஓகஸ்ற் மாதப் போரின்போது மூதூரிலும் தோப்பூரிலுமிருந்து மக்கள் பெருந்தொகையாகக் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தனர். அந்நாட்களின் பசியை எம் வீட்டுப் பெரியோர் இன்றும் தாழ்ந்த குரலிலேயே பேசுவர். அது தெரிந்தெடுத்த பசியன்று. அவர்கள்மீது சுமத்தப்பட்ட பசி. விரும்பி ஏற்ற பசி, சுமத்தப்பட்ட பசியின் பக்கம் முகந்திருப்பாவிடின் அதனால் இறைவனுக்கு ஆவதென்ன? பசித்தோர்க்கு உணவைப் பகிர்வதும் ஒடுக்கப்பட்டோரை விடுவிப்பதுமே தாம் விரும்பும் நோன்பென இறைவன் உரைப்பதாக எசாயா நூலின் 58 ஆம் அதிகாரம் கூறுகின்றது. தம் பசியைப் பொறுக்கும் ஆற்றலிலும் பிறர் பசியை மாற்றும் ஆற்றலே பெரிதென்பது வள்ளுவர் துணிபு. அர்ப்பணம் உண்மையானதா என்பதற்கு வெளியே காணத்தக்க சான்று இஃதொன்றே: நாம் உண்ணாது மிச்சப்படுத்திய சோறு யாருடைய தட்டைச் சென்றடைந்தது?

முறித்த நோன்பை றமழானுக்குப் பின் ஈடுசெய்தல் எம் மார்க்கத்தின் விதி. அதனைக் கழா என்பர். அந்த ஒரு நாளை நான் விடுதியில் தனியே நோற்றேன். அருகில் அனைவரும் உண்டனர். நான் நோற்பதை எவரும் அறியார். முப்பது நாளிலும் அவ்வொரு நாளே கடினமாயிருந்தது. என் நோன்புகளுள் எனக்கே உரியதென ஐயமின்றிச் சொல்லத்தக்கதும் அதுவே. ஆயினும் அன்று மாலை நோன்பு திறக்கும் வேளையில் என் ஊரை நான் எவ்வளவு தேடினேன் என்பதையும் ஒளிக்காது சொல்லவேண்டும். தனியே கொடுக்கக் கற்றவனுக்குக் கூட்டம் மறைவிடமாவதில்லை, அது துணையாகின்றது. நெற்றியில் சாம்பலுடன் வந்த நண்பரின் விடைக்கு நான் கண்ட பொருள் இதுவேயாகும்.