பகடையும் பிரார்த்தனையும்

லைப்ஸிக் நகருக்குத் தென்மேற்கே உள்ள லூட்ஸன் என்னும் சிற்றூரின் சமவெளியை மேஜைமேல் அமைத்து, நடுவே பெருஞ்சாலையையும் அதன் இருமருங்கிலும் வெட்டிய பள்ளங்களையும் வரைந்து, கட்டைவிரல் உயரமும் இல்லாத ஈய வீரர்களில் நெடிய ஈட்டி ஏந்தியவர்களை நடுவிலும் திரித்துப்பாக்கி ஏந்தியவர்களை அவர்களுக்கு இருபுறத்திலுமாக அணிவகுத்து நிறுத்தி, நானும் என் நண்பரும் பகடையைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும், ஆட்டத்தின் விதிகளில் விடை காணாத ஒரு கேள்வி என்னை வந்து சூழ்கிறது. இரு சேனைகளும் ஒரே கடவுளிடம் ஜயத்தை வேண்டி நின்றால், அந்தக் கடவுள் யார் பக்ஷம்?

1632ஆம் ஆண்டு அந்தக் களத்தில் நின்றவர்கள் நாளைக்கூட ஒரே பெயரால் அழைக்கவில்லை. ஸ்வீடன் படையின் பழைய கணக்கில் அன்று நவம்பர் 6, போப்பரசர் திருத்திய கணக்கில் நவம்பர் 16. லூத்தர் வழியைப் பின்பற்றிய ஸ்வீடன் படை காலையில் தோத்திரம் பாடிவிட்டுக் ‘கடவுள் நம்மோடு’ என்று முழங்கியது. வாலன்ஸ்டைனின் கத்தோலிக்கப் படை ‘ஏசு, மரியா’ என்று முழங்கியது. சமயப் போர் என்று சொல்லப்படும் அந்த யுத்தத்தில், லூத்தரனாகிய ஸ்வீடன் அரசனுக்கு 1631ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பொருளுதவி செய்தது கத்தோலிக்க பிரான்ஸ். அந்நாட்டை நடத்திவந்தவரோ ரிஷ்லியூ என்னும் கர்தினால்.

எங்கள் ஆட்டத்தில் சேனாபதி கைகலப்பில் புகுந்தால், அவர் பிழைத்தாரா என்பதைப் பகடை உருட்டித்தான் அறிய வேண்டும். மன்னர் குஸ்தாவ் அடால்ஃபின் உருவத்தை முன்னால் நகர்த்தும்போது என் கை தயங்குகிறது. 1627இல் பாய்ந்த குண்டொன்று உடலிலேயே தங்கிவிட்டதால் இரும்புக் கவசத்தின் பாரம் தாங்காமல், கடமான் தோலாலான அங்கியை மட்டும் அணிந்து, அவர் மூடுபனிக்குள் குதிரையைச் செலுத்தினார், சுடப்பட்டு வீழ்ந்தார், ஆளில்லாக் குதிரை திரும்பி ஓடிவந்தது. எதிர்ப்பக்கத்தில் தளபதி பாப்பென்ஹைமும் மரண காயமுற்றார். இரவில் வாலன்ஸ்டைன் பின்வாங்க, களம் ஸ்வீடன் வசமாயிற்று. ஜயம் கிடைத்தது, அரசர் இல்லை. காலையில் பாடிய தோத்திரத்துக்கு இதுதான் பதிலென்றால், அதை எந்த பாஷையில் வாசிப்பது?

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பகடையைப் பற்றியே ஒரு வாதம் நடந்தது. திருவுளச்சீட்டுப் போடுவது ஈசுவர சித்தத்தை நேரே அழைப்பதாகையால், அதை விளையாட்டுக்குப் பயன்படுத்துவது பாவம் என்றார் ஜேம்ஸ் பாம்ஃபோர்டு. தாமஸ் கேட்டக்கர் என்ற பாதிரியார் 1619இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார்: உலக நிகழ்ச்சிகள் எல்லாம் எந்த அளவுக்கு ஈசுவர பரிபாலனத்துக்கு உட்பட்டவையோ அந்த அளவுக்குத்தான் பகடையின் வீழ்ச்சியும் உட்பட்டது, அதில் தனித் தீர்ப்பு எதுவும் இல்லை என்பது அவர் பக்ஷம். எனக்குக் கேட்டக்கர் சொன்னதே சரியென்று படுகிறது. ஆனால் அவர் வாதத்தை மேஜையோடு நிறுத்திவிட முடியாது. பகடையின் முகத்தில் தீர்ப்பு இல்லையென்றால், பனியில் திசை தெரியாமல் வந்த குண்டிலும் இல்லை. போர் முடிந்தபின் ‘கடவுள் நம் தர்மத்தை நிலைநாட்டினார்’ என்று நன்றி வழிபாடு நடத்தும் தளபதி, பாம்ஃபோர்டு பகடைக்குக் கொடுத்த அதிகாரத்தைப் பீரங்கிக்குக் கொடுக்கிறார்.

அந்தத் தளபதியின் நன்றியை நான் நம்பவில்லை. இரண்டாம் வரிசையில் முன்னால் நிற்பவன் முதுகைத் தவிர வேறெதுவும் காணாமல், ஈட்டியை இறுகப் பற்றிக்கொண்டு முணுமுணுத்தவனுடைய பிரார்த்தனையை நம்புகிறேன். ஜயிக்கப்போவது யாரென்று அவனுக்குத் தெரியாது. ஓடாமல் நிற்கும் பலத்தைத்தான் அவன் கேட்டிருப்பான். அதைக் கேட்க எதிரிக்கும் உரிமை உண்டு, இருவருக்குமே அது அருளப்படவும் கூடும். களத்தை மேலிருந்து நோக்கும் எனக்கு எல்லா அணிகளும் தெரிகின்றன. அவனுடைய பயம் மட்டும் தெரிவதில்லை.

லூட்ஸன் மண்ணில் 2011இல் ஒரு குழியைக் கண்டுபிடித்தார்கள். அதில் 47 பேர். மண்ணோடு சேர்த்துப் பெயர்த்து ஹாலே நகரத்து அருங்காட்சியகத்துக்கு அவர்களைக் கொண்டுசென்றார்கள். அந்த எலும்புகளில் எது தோத்திரம் பாடியது, எது மரியாளை அழைத்தது என்று பார்வையால் சொல்ல இயலாது. ஆட்டத்தில் வீழ்ந்தவர்களை முன்பெல்லாம் மேஜையோரத்தில் இரு குவியல்களாகப் பிரித்து வைப்போம், இப்போது பிரிப்பதில்லை. விளக்கை அணைக்குமுன், ஈட்டிகள் வளையாதபடி ஒவ்வொருவராக எடுத்து, ஒரே பெட்டியில் பஞ்சின்மேல் படுக்க வைக்கிறேன்.