குருவானவரின் பட்டம் எங்கிருந்து வருகிறது?

தென்காசி, பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கம் நற்செய்திக் கூட்டச் சுவரொட்டிகளில் பேசுகிறவர் பெயருக்கு முன்னால் பல சமயம் 'டாக்டர்' இருக்கும். சேகரத்துக்கு மாற்றலாகி வரும் குருவானவர் பெயருக்குப் பின்னால் 'பி.டி.' (பேச்சிலர் ஆஃப் டிவினிட்டி) இருக்கும். இரண்டுமே இறையியல் பட்டங்கள் என்றுதான் சபையார் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் பின்னால் நிற்கும் அதிகாரம் ஒன்றல்ல.

வேதாகமப் பள்ளி தொடங்குவதில் பெரிய தடை எதுவும் இல்லை. சமயக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையை அரசியல் சட்டத்தின் 26ஆவது பிரிவு தருகிறது. பட்டம் கொடுப்பதுதான் சிக்கல். மத்திய, மாநில அல்லது பழைய மாகாணச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமோ, நிகர்நிலை போன்ற தனி அனுமதி பெற்றதோதான் பட்டம் தரலாம் என்கிறது 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம். அப்படியானால் பி.டி. எப்படிச் செல்லும்?

விடை வங்காளத்தில் இருக்கிறது. மிஷனரிகளான கேரி, மார்ஷ்மன், வார்ட் மூவரும் 1818இல் செராம்பூரில் கல்லூரி தொடங்கியபோது அந்த ஊர் டென்மார்க்கின் கையில் இருந்தது. 1827இல் டேனிஷ் மன்னர் ஆறாம் பிரெடரிக், பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகவே எழுதிக் கொடுத்தார். 1845இல் செராம்பூரையும் நம் தரங்கம்பாடியையும் சேர்த்து டென்மார்க் ஆங்கிலேயருக்கு விற்றது. கல்லூரியின் உரிமைக்குப் பங்கம் வரக்கூடாது என்று அந்த உடன்படிக்கையிலேயே எழுதிவைத்தார்கள். இத்தனை கட்டிக்காத்தும் முதல் இறையியல் பட்டம் கொடுத்தது 1915இல்தான்! பிறகு 1918இல் வங்காளச் சட்டமன்றம் செராம்பூர் கல்லூரிச் சட்டத்தை இயற்றி, பட்டங்களைக் கவனிக்க, பல திருச்சபைகளுக்கும் பொதுவான செனட்டை அமைத்தது. பழைய மாகாணச் சட்டம் என்ற தகுதி வந்தது இப்படித்தான்.

குற்றாலம் பராசக்தி கல்லூரி மாணவிக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பட்டம் தருவதைப் போல, அந்தச் செனட்டோடு இணைந்த, மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பி.டி. படித்தவருக்குச் செராம்பூர் செனட் பட்டம் தருகிறது.

தர அங்கீகாரம் என்பது வேறு. 1970இல் உருவான ஆசிய இறையியல் சங்கம், கல்லூரியின் தன்மதிப்பீட்டு அறிக்கையை வாங்கிப் படித்து, குழுவை அனுப்பி, ஆசிரியர் தகுதியையும் நூலகத்தையும் பார்த்துச் சான்று தருகிறது. நல்ல வேலைதான், ஆனால் அந்தச் சான்று பட்டம் வழங்கும் சட்ட உரிமை ஆகிவிடாது. பட்டம் கையில் இருந்தாலும் யாருக்குக் குருப்பட்டம் கொடுப்பது என்பதைத் திருமண்டலமே முடிவு செய்கிறது.

சுவரொட்டி 'டாக்டர்' பட்டங்களில் கௌரவப் பட்டங்களும் உண்டு. அமெரிக்காவில் புளோரிடா போன்ற மாநிலங்கள் சமயக் கல்லூரிகளுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்குத் தருவதால், அங்கே அத்தகைய பட்டம் கொடுப்பது எளிது. மரியாதைக்குப் போட்டுக்கொள்ளட்டும், படித்து வாங்கியதாகச் சொல்லக் கூடாது.

பிள்ளையை ஊழியப் படிப்புக்கு அனுப்பும் பெற்றோரே, பணம் கட்டும் முன் பட்டம் தருவது யார், எந்தச் சட்டப்படி என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்று பாளையங்கோட்டையில் திருமண்டல அலுவலகத்திலும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.