நோன்பு திறக்கும் நேரம்

ரமலான் மாதத்து மாலை ஒன்றில் நண்பர் என்னைத் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனார். பாங்கு சொல்ல இன்னும் அரை மணி நேரம் இருந்தது. முற்றத்தில் நோன்பாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தொப்பி அணிந்த சிலர் குனிந்து குனிந்து உணவு வைத்துக்கொண்டே போனார்கள். ஜமாஅத்துக்காரர்கள் என்று நினைத்தேன். "இவங்க சிந்திக்காரங்க. மயிலாப்பூர்லேர்ந்து வர்றாங்க" என்றார் நண்பர்.

அவர்கள் இந்துக்கள். 1947 பிரிவினையில் சிந்து மாகாணத்தை விட்டு வெளியேறி, சென்னைக்கு வந்து சேர்ந்தவர்களில் தாதா ரத்தன்சந்தும் ஒருவர். சூஃபி ஞானிகளிடம் பக்தி கொண்ட அவர், மயிலாப்பூரில் சூஃபிதார் ஆலயத்தை ஏற்படுத்தினார். அங்கே சமைத்த உணவுதான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ரமலான் மாலைகளில் இந்தப் பள்ளிவாசலுக்கு வருகிறது. மதத்தின் பெயரால் பிறந்த மண்ணையே இழந்தவர்கள் அவர்கள். ஒரு தலைமுறைக்கல்ல, மூன்று தலைமுறைக்கும் போதுமான கசப்பு அவர்களுக்கு இருந்திருக்கலாம். அவர்கள் அடுப்பு மூட்டினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் என் சின்னச் சின்ன வருத்தங்கள் எனக்கே வெட்கமாகத் தோன்றுகின்றன.

அன்று என்னை அதிகம் யோசிக்க வைத்தது, வைத்த உணவு சைவம் என்பதுதான். கோயில் அடுப்பில் சமைப்பதால் அங்கே இறைச்சி கிடையாது. சமைப்பவர்கள் தங்கள் வழக்கத்தை விடவில்லை. உண்பவர்களும் நோன்பையோ தொழுகையையோ விட்டுக்கொடுக்கவில்லை. எல்லா மதமும் ஒன்றே என்று யாரும் பேசவுமில்லை. அந்தப் பேச்சில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததும் இல்லை. இருவரும் அவரவராகவே இருந்துகொண்டு, பசியாறும் அந்த நேரத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பாங்கு ஒலித்தது. தொண்டர்கள் ஒதுங்கி நின்றார்கள். நண்பர் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார்.

இந்தப் பள்ளிவாசலுக்கு இது புதிதல்ல. 1795-இல் நவாப் வாலாஜா குடும்பத்தார் கருங்கல்லில் எழுப்பிய கட்டடம் இது. கட்டிய ஆண்டைச் சொல்லும் பாரசீகக் கல்வெட்டு வாசகத்தை இயற்றியவர் நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன்லால் என்ற இந்துப் புலவர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த எழுத்து அங்கேயே இருக்கிறது.

திரும்பி வரும் வழியில் நண்பர் வீடு தேடிய கதையைச் சொன்னார். தொலைபேசியில் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு பெயரைக் கேட்பார்களாம். சொன்னதும் சற்று மௌனம். "வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்பார்களாம். நான்கு முறை அப்படி நடந்தது என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்கிறோம். வழிபாட்டிடங்கள் பக்கத்தில் இருந்தால் போதுமா? அங்கே போகிற மனிதர்கள் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்க வேண்டாமா? சைவச் சமையல் மட்டும் வேண்டுமென்றால் அதை முன்னாலேயே சொல்லுங்கள், கேட்டு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முற்றத்தில் ஒவ்வொரு ரமலானிலும் நடப்பது அதுதானே.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை பெயரைக் கேட்டதும் போனை வைத்துவிடாதீர்கள். வீட்டைப் பார்க்க வரச் சொல்லுங்கள்.