நாவில் பிறக்கும் நிராசை



நம் இல்லங்களில் காலை முதல் இரவு வரை புழங்குகின்ற சில சொற்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பால் பொங்கி வழிந்தால், "முஸீபத்துப் பிடிச்ச வீடு!" பிள்ளை பரீட்சையில் தவறினால், "நீ எங்கே உருப்படப் போறே?" வியாபாரம் மந்தமானால், "நம்ம நஸீபு அவ்வளவுதான்!" முழங்கால் வலித்தால், "எனக்கு ஒரு மௌத்து வரமாட்டேங்குதே!" சொல்பவர் கெட்ட எண்ணத்துடன் சொல்வதில்லை, வாய்ப்பழக்கம்தான். ஆனால் அந்தச் சொல் வெறும் காற்றோடு போய்விடுகின்றதா?

நிராசையைத் திருமறை ஒரே சொல்லால் குறிப்பிடவில்லை. மூன்று சொற்களைக் கவனிப்போம். முதலாவது 'யஃஸ்', உள்ளத்தில் ஆதரவு அற்றுப் போதல். இரண்டாவது 'குனூத்', அந்த நிராசை முற்றி முகத்திலும் நடையிலும் தெரியத் தொடங்குதல் என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். துன்பம் தீண்டியதும் மனிதன் இவ்விரண்டுக்கும் ஆளாகிவிடுவதை 41:49 வசனம் எடுத்துரைக்கின்றது. தொழுகையில் நாம் ஓதும் குனூத் வேறு. அதன் இறுதி எழுத்து 'தா'. இதன் இறுதி எழுத்து 'தோ'. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் ஒன்று அல்லாஹ்வின்பால் கையேந்தச் செய்கின்றது. மற்றொன்று ஏந்திய கையைக் கீழே போடச் செய்கின்றது!

மூன்றாவது 'இப்லாஸ்', நம்பிக்கை முழுவதும் அறுந்து வாயடைத்துப் போதல். இப்லீஸ் என்னும் பெயரே இதிலிருந்து பிறந்தது என்பது மொழியறிஞர்கள் பலரின் கருத்து. இதே சொல்லை, மழை பெய்யாதா என்று ஏங்கி ஓய்ந்து போன மக்களுக்கும் திருமறை (30:49) பயன்படுத்துகின்றது. அவர்கள் ஓய்ந்த பின்னர்தான் மழை வந்தது!

அப்படியானால் முஃமின் அழவே கூடாதா? அழலாம். யஃகூப் (அலை) அவர்கள் மகனை இழந்த துயரத்தால் கண்கள் வெளுத்துப் போகுமளவுக்கு வருந்தினார்கள். ஆயினும் தம் முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தார்கள். யூஸுஃபைத் தேடிச் செல்லுமாறும், அல்லாஹ்வின் அருளில் நிராசை கொள்ள வேண்டாமென்றும் புதல்வர்களைப் பணித்தார்கள் (12:84-87). துக்கம் வேறு, நிராசை வேறு. துக்கம் கண்ணில் நீராக வரும். நிராசையோ, "இனி ஒன்றுமில்லை" என்று தீர்ப்புக் கூறும். தீர்ப்பு யாருடைய உரிமை? அதை அடியான் கையில் எடுக்கலாமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நோயுற்ற கிராமவாசி ஒருவரைக் காணச் சென்றார்கள். கவலை வேண்டாம், இன்ஷா அல்லாஹ் இது பாவத்தைப் போக்கித் தூய்மையாக்கும் என ஆறுதல் கூறினார்கள். அவரோ, இது கிழவனைக் கொதிக்கச் செய்து கப்ருக்குக் கொண்டுபோகும் காய்ச்சல் என்று மறுத்தார். அவ்வாறாயின் அப்படியே ஆகட்டும் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. நல்வாக்கு வாசல் வரை வந்தும் அதைத் திருப்பி அனுப்பிவிட்டாரே அம்மனிதர்!

சகுனம் பார்ப்பதை மறுத்த நாயகம் (ஸல்) அவர்கள் நற்சொல்லை விரும்பினார்கள். ஹிஜ்ரி 6-இல் ஹுதைபிய்யாவில் குறைஷிகளின் தூதராக ஸுஹைல் வந்தபோது, 'எளிது' என்னும் பொருளுடைய அப்பெயரைக் கொண்டே, காரியம் இலேசாகிவிட்டது என்று தோழர்களைத் தேற்றினார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார், ஓதிப் பார்க்கும்படி தம் மகனை நம்மிடம் அழைத்து வந்தார்கள். "இவன் விளங்கமாட்டான் ஹஜ்ரத்" என்று அவன் முன்னிலையிலேயே மூன்று முறை சொன்னார்கள். பையன் தரையைப் பார்த்தபடி நின்றான். "உம்மா, தாயின் துஆ கபூலாகும் என்று நம்புகின்றீர்கள் அல்லவா? இப்போது மூன்று முறை எதைக் கேட்டீர்கள்?" என்றோம். அவர்களுடைய கண்கள் கலங்கின. பிள்ளைகளுக்குக் கேடாகத் துஆச் செய்யாதீர்கள், அது துஆ ஏற்கப்படும் நேரமாக அமைந்துவிடக் கூடும் என்ற நபிமொழி முஸ்லிமில் பதிவாகியுள்ளதே!

ஆகவே சொல்லை மாற்றுவோம். "உருப்படமாட்டாய்" என்னுமிடத்தில் "அல்லாஹ் உன்னை நல்லாக்கி வைப்பான், மறுபடி படி" என்போம். மௌத்தை விரும்ப நேர்ந்தால், வாழ்வு நன்மையாக இருக்கும்வரை வாழவை, மரணம் நன்மையாகும்போது மரணிக்கச் செய் என்று கேட்கவே நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். ஒருவருடைய மனச்சோர்வு நோயாகவே முற்றியிருந்தால், ஈமான் குறைந்தவர் என்று ஏசாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அதுவும் யூஸுஃபைத் தேடிப் புறப்பட்டதைப் போன்ற முயற்சியே.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களிலிருந்து நிராசையையும், நாவுகளிலிருந்து அதன் சொற்களையும் அகற்றி அருள்வானாக! ஆமீன்.