அம்மாவைச் சியாங் மாய்க்கு அனுப்பலாமா?

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் சில குடும்பங்கள், மறதிநோய் முற்றிய தாயையோ தந்தையையோ விமானம் ஏற்றி வட தாய்லாந்தின் சியாங் மாய்க்கு அழைத்துப் போகின்றன. பிள்ளைகள் சில நாள் உடனிருந்து இடம் பழக்கிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். பெற்றவர் அங்கேயே இருந்துவிடுகிறார். பலருக்கு அதுவே கடைசி வீடு. பெற்ற தாயைக் கண்காணாத தேசத்தில் விட்டுவிட்டு வரலாமா என்று கேட்டால் யாருக்கும் பதில் சட்டென்று வந்துவிடும். அங்கே அவருக்கு என்ன கிடைக்கிறது, ஊரில் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று விசாரித்த பிறகு அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

இதைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் வுட்லி. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் எய்ட்ஸ் திட்டத்துக்காகச் சியாங் மாயில் வேலை பார்த்தவர். பின்னாளில் அல்சைமர் கண்ட தன் தாயைச் சொந்த ஊரில் வைத்துப் பார்க்க வழி தெரியாமல், தனக்குப் பழகிய அந்த ஊருக்கே அழைத்துவந்தார். அந்த அனுபவத்திலிருந்து 2003இல் பான் கம்லாங்சாய் என்ற இல்லம் பிறந்தது. அது மருத்துவமனை போன்ற ஒரே கட்டடம் அல்ல. ஊருக்குள், தாய்லாந்துக் குடும்பங்களுக்கு நடுவே உள்ள வீடுகள். ஒரு முதியவருக்கு மூன்று பெண்கள்; முறைவைத்து இரவும் பகலும் ஒருவர் கூடவே இருப்பார்.

மூன்று பேர் என்பதன் பொருள் நள்ளிரவில்தான் விளங்கும். மறதிநோயாளிகளில் பலருக்கு இரவு பகல் குழம்பிவிடும். மூன்று மணிக்கு எழுந்து, எப்போதோ இறந்துபோன கணவரைத் தேடிக் கதவைத் திறக்கப் பார்ப்பார்கள். ஐரோப்பிய முதியோர் இல்லத்தில் அந்நேரம் ஒரு தாதி தளம் முழுவதையும் கவனித்துக்கொண்டிருப்பார். அழைப்பு மணி அடிக்கும் இடமெல்லாம் ஓட வேண்டும். தேடுகிறவரோடு உட்கார்ந்து தேட அவருக்கு நேரம் இல்லை. தூக்க மாத்திரைதான் கைகொடுக்கும். சியாங் மாயில் அதே அறையில் படுத்திருக்கும் பெண் எழுந்து கையைப் பிடித்துக்கொள்கிறார். முற்றத்தில் நாலு நடை நடத்தி, உடுப்பு நனைந்திருந்தால் மாற்றி, திரும்பக் கொண்டுவந்து படுக்க வைக்கிறார். மறதிநோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. முற்றிய நிலையில் சிகிச்சை என்று மிஞ்சுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆள்துணைதான். அந்த வகையில் இந்தக் குடும்பங்கள் தேடிப் போவது சிறப்புச் சிகிச்சையையே.

அது ஊரில் ஏன் கிடைப்பதில்லை? ஜெர்மனி 1995இல் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் அது செலவில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்கும்படி வகுக்கப்பட்ட திட்டம். மீதியை முதியவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். 2025 தொடக்கத்தில், இல்லத்தில் சேரும் ஒருவர் முதல் ஆண்டில் கட்ட வேண்டியிருந்த பங்கு சராசரியாக மாதம் ஏறத்தாழ 3,000 யூரோ. அவ்வளவு கொடுத்தும் தனக்கென ஒரு தாதி கிடைக்கமாட்டார். சேமிப்பு கரைந்தபின் அரசின் சமூக உதவி வரும். ஆண்டுக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் சம்பாதிக்கும் பிள்ளைகளிடம் மட்டுமே அதை வசூலிக்கலாம் என்று 2020இல் சட்டம் மாறியது. ஆக, பெற்றவருடன் பிள்ளைகளைக் கடல் கடக்க வைப்பது பட்டினி பயம் அல்ல. கொடுக்கும் பணத்துக்கு ஊரில் கிடைக்கும் கவனிப்பு போதவில்லை என்ற எண்ணமே.

இதற்கு ஜெர்மனிக்குள்ளேயே கண்டனம் எழுந்தது. 2012இல் வி.டி.கே. என்ற பெரிய சமூகநலச் சங்கத்தின் தலைவர் உல்ரிக்கே மாஷர் இதை நாடுகடத்தலுக்கு ஒப்பிட்டார்; மனிதத்தன்மையற்றது என்றார். நாட்டைக் கட்டியெழுப்பிய தலைமுறையை மலிவான இடம் பார்த்து அனுப்பிவைப்பதா என்பது அவர் கோபம். கோபம் நியாயமானதுதான். அது யார் மீது பாய வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

பிள்ளைகள் கைகழுவிவிட்டார்கள் என்பது முதல் குற்றச்சாட்டு. ஆனால் தூரத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் எத்தனையோ பெற்றோர் கோவையின் முதியோர் குடியிருப்புகளில் இருக்கிறார்கள், பிள்ளைகள் அமெரிக்காவில். அங்கே இடம் மாறியது பிள்ளை, இங்கே இடம் மாறியது பெற்றவர். நடுவில் உள்ள கடல் ஒன்றுதான். பிள்ளை போனால் முன்னேற்றம், பெற்றவர் போனால் துரோகம் என்பது நேர்மையான கணக்காகாது. பக்கத்துத் தெரு இல்லத்தில் சேர்த்துவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறவரும் உண்டு. சியாங் மாய்க்குப் போய் ஒரு மாதம் தங்கி, தினமும் அம்மாவுக்கு ஊட்டிவிட்டு வருகிறவரும் உண்டு.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. போகிறவர் சம்மதித்தாரா? நோயின் தொடக்கத்தில், புத்தி தெளிவாக இருக்கும்போதே தானாக முடிவெடுத்தவர் விஷயத்தில் சிக்கல் குறைவு. பலர் விஷயத்தில் அந்தக் கட்டம் கடந்துபோயிருக்கும். என் ஊர் மண்ணில்தான் சாவேன் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த ஒரு பெண்மணி, இன்று தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே தெரியாமல், தாய்லாந்துப் பெண் ஒருத்தியின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யார் சொல்லைக் கேட்பது? அமெரிக்கச் சட்ட அறிஞர் ரொனால்ட் ட்வோர்கின், தெளிவாக இருந்தபோது ஒருவர் சொன்னதே அவர் வாழ்க்கைக்கு உருவம் தந்தது, அதை மீறக் கூடாது என்று 1993இல் வாதிட்டார். இன்னொரு சட்ட அறிஞர் ரெபெக்கா டிரெஸ்ஸர் அதை மறுத்தார்: கண்முன் இருக்கும் நோயாளியின் சுகமும் வலியும்தான் இன்றைய உண்மை, அவருக்கே நினைவில்லாத ஒரு விருப்பத்தை அவர்மேல் திணிக்கலாகாது. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்கு எந்த வாதம் வசதியோ அதை எடுத்துக்கொள்ள இது இடம் கொடுக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அம்மா சிரிக்கிறார் என்பது அவர் நலமாக இருப்பதற்கு அத்தாட்சி; அவரை அனுப்பியது சரி என்பதற்கு அது மட்டும் போதாது.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. மறதிநோயில் பின்னால் கற்ற மொழிகள் பலருக்கு முதலில் நழுவும். தாய்மொழி நெடுநாள் நிற்கும். ஜெர்மனில் வலிக்கிறது என்று முனகுகிறவரின் சொல் தாய்லாந்துத் தாதிக்கு எட்டாமல் போகலாம். முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சலுக்கு முன்பே திடீர்க் குழப்பமாக வெளிப்படுவது உண்டு. அதைப் பிடிக்கப் பேச்சு உதவும். ஆனால் மொழி தெரிந்தும் நேரமில்லாத தாதியைவிட, மொழி தெரியாமல் நாள் முழுதும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் அந்த மாற்றத்தை முன்னதாகவே கண்டுகொள்ளவும் கூடும்.

மூன்றாவது கேள்வி பராமரிக்கும் பெண்ணைப் பற்றியது. பெல்ஜிய இயக்குநர் கிறிஸ்டோஃப் பில்சனின் ‘மதர்’ என்ற 2019ஆம் ஆண்டு ஆவணப்படம் பான் கம்லாங்சாயில் எடுக்கப்பட்டது. அதில் வரும் தாய்லாந்துத் தாதி ஐரோப்பியத் தாய்மார்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைக்கிறார். பிழைப்புக்காகத் தன் சொந்தப் பிள்ளைகளைப் பிரிந்திருக்கிறார். ஒரு நாட்டின் அன்புப் பற்றாக்குறையை இன்னொரு நாட்டின் பெண் ஈடுகட்ட, அவள் வீட்டுப் பற்றாக்குறையை அவளுக்கும் கீழே உள்ள இன்னொருத்தி ஈடுகட்டும் இந்த வரிசையைச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷைல்ட் உலகப் பராமரிப்புச் சங்கிலி என்றார். ஒரு முதியவருக்கு மூன்று பேர் கட்டுப்படியாவது, அந்த மூவரின் சம்பளம் ஐரோப்பியச் சம்பளமாக இல்லாததால்தான்.

இதற்காக அனுப்பக் கூடாது என்று முடிவுகட்டினால் சங்கிலி அறுந்துவிடுமா? அம்மா ஜெர்மனியிலேயே இருந்தால் அவரைப் பார்க்கத் தாதி அங்கே போகிறார். 2021 டிசம்பரில் கேரளத்தின் நோர்க்கா நிறுவனம் ஜெர்மன் வேலைவாய்ப்பு அமைப்புடன், செவிலியரை அங்கே அனுப்பும் ‘டிரிப்பிள் வின்’ ஒப்பந்தம் செய்துகொண்டது. தமிழ்நாட்டிலும் அரசு நிறுவனமே செவிலியருக்கு ஜெர்மன் மொழி கற்பித்து அனுப்புகிறது. கோட்டயத்திலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ போகிறவருக்குச் சம்பளம் யூரோவில் வரும். அவருடைய சொந்தத் தாய் பக்கத்து வீட்டார் தயவில் இருப்பார். சியாங் மாய்ப் பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. ஆனால் சொந்த மொழி, சொந்த நாடு, விடுமுறைக்குப் பேருந்தில் போய்வரும் தூரம். முதியவரை அனுப்புவது, தாதியை வரவழைப்பது ஆகிய இரண்டில் எது அதிகச் சுரண்டல் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. முதியோர் தொகை வேகமாகப் பெருகிவரும் தாய்லாந்தில், இந்தப் பெண்களின் பெற்றோருக்கு நாளை யார் என்ற கேள்விக்கு மட்டும் இரண்டு வழியிலும் பதில் இல்லை.

கடைசியாக, பொறுப்பு. ஜெர்மனியில் ஒரு நோயாளியைப் படுக்கையோடு பெல்ட்டால் கட்டவோ, கட்டிலின் பக்கக் கம்பிகளை வழக்கமாக உயர்த்திவைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். சியாங் மாயில் அந்த நீதிமன்றத்தின் கண் எட்டாது. நல்ல இல்லம் என்றால் கட்ட மாட்டார்கள்; நல்ல இல்லமாக இல்லாவிட்டால் கேட்க ஆள் வேண்டும், கேட்கக்கூடிய ஆள் பிள்ளை ஒருவர்தான். இன்னொரு சங்கதியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் குடிபெயரும் முதியவருக்குப் பராமரிப்புக் காப்பீட்டின் ரொக்க உதவி தொடரும். தாய்லாந்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டால் அது நின்றுபோகும். பொது மருத்துவக் காப்பீடும் அங்கே செல்லாது. அதாவது, ஒரு முதியவர் தாய்லாந்துக்குப் போகும்போது அரசுக்குச் செலவு மிச்சம். நாடுகடத்தல் என்று பிள்ளைகளைப் பழிக்கிறவர்கள் இந்த மிச்சத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், அனுப்புவதையே பாவம் என்று தள்ள முடியாது. ஆனால் அது சில கடமைகளோடு வருகிறது. புத்தி தெளிவாக இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்க முடியாமல் போயிருந்தால், போன இடத்தில் அவர் ஒடுங்கிப்போகிறார் என்று தெரிந்ததும் திரும்ப அழைத்துவரும் வழி திறந்திருக்க வேண்டும். பணம் பத்தாண்டுக்குக் காணுமா என்று முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். பராமரிக்கும் பெண்ணுக்கு முறையான கூலியும், தன் பிள்ளையைப் போய்ப் பார்க்க விடுப்பும் கிடைக்கின்றனவா என்று கேட்பது, இல்லத்தில் நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்பதைவிட முக்கியம். நேரில் போய் நிற்பதை மாதாமாதம் அனுப்பும் பணத்தால் ஈடுகட்ட முடியாது.

ஒரு குடும்பம் தன்னைச் சோதித்துக்கொள்ள ஒரு கேள்வி போதும்: இரண்டு இடத்திலும் செலவு ஒன்றே என்றால், அப்போதும் அம்மாவை அங்கே அனுப்புவோமா? ஆம் என்றால் அவர்கள் தேடிப் போவது சிகிச்சை; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இல்லை என்றால் அனுப்புவது பிள்ளையின் கை என்றாலும், அந்தக் கையைத் தள்ளுவது பராமரிப்பை அரைகுறையாக ஏற்றுக்கொண்ட அரசு. அதற்கான விலையில் ஒரு பங்கை அம்மாவும், இன்னொரு பங்கைச் சியாங் மாயில் விழித்திருக்கும் பெண்ணும் கொடுக்கிறார்கள்.